இடுப்பில் எவர்சில்வர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எதுக்கு எழுதுன?" என்பார். பதில் சொன்னால், "யாரு எழுதச் சொன்னா?" என்பார். இணையத்தில் வாங்கும் சாமான்கூட அவர் பெயருக்கு வராது. பக்கத்துத் தையல்கடை அம்மா பெயருக்கு வரும். அதில் ஒட்டிய முகவரிச் சீட்டையும் உரித்து, தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து உருண்டையாக்கித்தான் குப்பையில் போடுவார். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வரிசைக் கடைகள் முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பெயர். ஐம்பதைத் தாண்டியவர். குட்டை. முட்டிக்குக் கீழே இறங்கும் தொளதொளப் பஞ்சாபி சட்டை. அதற்குள் வலது இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி.

உண்மையான துப்பாக்கி. லைசென்ஸ் உள்ளது. நம் நாட்டில் தனியாளுக்குத் துப்பாக்கி கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று எல்லாருக்கும் தெரியும். நகைக்கடைக்காரர்களில் யாரோ சிலருக்குக் கொடுப்பார்கள். கொடுத்தாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வெளியே காட்டக் கூடாது. கழற்றி வைத்துவிட்டு நகரக் கூடாது. அடுத்தவர் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு புகார் போனால் போதும், திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவார்கள். "லைசென்ஸ் போச்சுன்னா அன்னிக்கே கடையச் சாத்திருவேன்" என்று மாதத்துக்கு ஒரு முறையாவது அக்கா சொல்வார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார், யாருக்காவது சந்தோஷமாக இருக்கிறதா என்று.

நான் பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை கூப்பிடும் என்று காத்திருந்த சமயம் அது. சும்மா இருக்க முடியாத பிறவி. வீட்டில் மிக்சியைக் கழற்றினேன், மின்விசிறியைக் கழற்றினேன். சலவை இயந்திரத்தில் கை வைத்த அன்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அக்காவின் நகைக்கடையில் உட்கார வைத்தார்.

"முன்னாடி எங்க வேல செஞ்ச?"

"எங்கயும் இல்லக்கா. இதான் மொத வேல."

"ஏன், ஒருத்தரும் எடுக்கலயா?"

"படிச்சிக்கிட்டு இருந்தேங்கா."

"படிச்சவ இங்க எதுக்கு வர்ற?"

அம்மா கோபத்தில் எழுந்தே விட்டார். அக்கா அசையவில்லை. "உக்காருங்க. கேக்காம எடுத்தாத்தான் நீங்க பயப்படணும்" என்றார் அம்மாவிடம். என்னிடம், "நாளைக்கு எட்டே முக்காலுக்கு வா. எட்டரைக்கு வராத." எட்டரைக்கு வந்தால் கடை திறப்பதை வேவு பார்க்க வந்ததாக அர்த்தமாம்.

கடையில் மொத்தம் மூன்று பேர்தான். முன்னால் அக்காவும் நானும். பின்னறையில் பத்தர். அவருக்கு அறுபது இருக்கும். குனிந்த தலை நிமிராமல், மூக்குக்குள்ளேயே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, பற்றவைப்பார், ராவுவார். பதினேழு வருஷமாக அங்கே இருக்கிறார். பதினேழு வருஷமாக மாலையில் அவர் கிளம்பும்போது மேசைக்கடியில் விழுந்த தங்கத்தூளை அக்காவே கூட்டி, சட்டையையும் உதறச் சொல்வார். பத்தரும் சிரித்துக்கொண்டே உதறுவார். "அக்கா என்னைய இன்னும் புது ஆளாத்தான் வச்சிருக்காங்க" என்பார்.

துப்பாக்கியை நான் முதலில் பார்த்தது மூன்றாவது வாரம். ஒரு தோட்டின் திருகாணி கீழே விழுந்து உருண்டது. நானும் குனிந்தேன், அக்காவும் குனிந்தார். அவர் சட்டை விளிம்பு ஒரு சாண் மேலேறியது.

நான் கறுப்பை எதிர்பார்த்திருந்தேன். காணொளிகளில் பார்த்ததெல்லாம் கறுப்பு. இது வெள்ளை. மோட்டார்சைக்கிள் குரோம் மாதிரிப் பல்லிளிக்கிற வெள்ளையும் இல்லை. ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து மினுக்கை அடக்கிய வெள்ளை. மேல்பாகத்தின் பின்முனையில், விரல் வழுக்காமலிருக்கச் சரிவாக வெட்டிய பள்ளங்கள், சீப்புப் பல் மாதிரி, ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல். பட்டறையில் அப்படி நாலு பள்ளம் வெட்ட நான் ஒரு செமஸ்டர் கஷ்டப்பட்டிருக்கிறேன். சட்டை இறங்கியது. திருகாணி என் காலடியில்தான் கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். திருகாணியை அவரே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, அம்மா எவர்சில்வர்ச் சட்டியைக் கவிழ்க்கும்போதுகூட. பூட்டிய பெட்டிக்குள் ஒரு முழு இயந்திரம்: ஒரு தோட்டா போனதும் அதன் உதையாலேயே மேல்பாகம் பின்னால் ஓடி, வெறும் கூட்டைத் துப்பி, முன்னால் வந்து அடுத்ததை ஏற்றிக்கொள்கிறது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. உள்ளே ஒரு சுருள் கம்பி. சுடுகிற ஆசை எனக்கு வரவில்லை, சத்தியமாக. கழற்றிப் பார்க்கிற ஆசைதான்.

இரண்டு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன். "அக்கா, அது ஏன்கா கறுப்பு வாங்கல?"

"எது?"

"அதான்... இடுப்புல."

அக்கா கதவைப் பார்த்தார், பின்னறையைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்கா."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க."

அதோடு என் மேல் ஒரு வாரச் சோதனை ஆரம்பித்தது. கழிப்பறைத் தொட்டி விளிம்பில் ஒரு பிள்ளை மோதிரம் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் என் நாற்காலிக்கடியில் ஒரு மூக்குத்தி. கொடுத்தேன். அதற்கு மறுநாள் என் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலித் துண்டு. எனக்கு எரிச்சல். "அக்கா, இன்னிக்கு வச்சது இந்தா" என்று நீட்டினேன். பின்னறையில் பத்தர் இருமுகிற மாதிரிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை கூட்டம் குறைந்ததும் அவராகவே சொன்னார்.

"கறுப்பு, வேர்வைக்கு ஆகாதுடி. இந்த ஈப்போ சூட்டுல இடுப்புல வச்சா ரெண்டு மாசத்துல துரு. மொதல்ல அதான் வச்சிருந்தேன், மாத்திட்டேன். நானும் இத்தன வருஷமா நகை பாக்குறேன். வெள்ளி கறுக்கும். தங்கம் தேயும். இது ரெண்டும் பண்ணல. ஒரு சாமான் வாங்குன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குன்னா, அத நம்பலாம்."

நம்பலாம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டது அந்த ஒரு தடவைதான்.

என்னால் சும்மா இருக்க முடிந்ததா? எவர்சில்வரும் துருப்பிடிக்கும், குரோமியம் தானாகவே மேலே ஒரு மெல்லிய தோல் போட்டுக்கொள்கிறது, உப்பும் ஈரமும் அந்தத் தோலைத் தின்றுவிடும், உள்ளே இருக்கிற சுருளும் ஊசிகளும் எவர்சில்வராக இருக்க வேண்டியதுமில்லை என்று கடகடவென்று ஒப்பித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு தெரிஞ்சவ ஏன் தெரியாத மாதிரி கேட்ட?"

அவரோடு சாப்பிடப் போவது ஒரு கூத்து. சுவர் முதுகுக்கு இருக்க வேண்டும், வாசல் கண்ணுக்கு இருக்க வேண்டும். அந்த மேசையில் ஆள் இருந்தால் அவர்கள் எழும்வரை நிற்போம். ரொட்டிக்கடை அண்ணன் தூரத்திலேயே குரல் கொடுப்பார். "வாங்கக்கா! இன்னிக்கு நான் சுடவா, நீங்க சுடுறீங்களா?" கடையே சிரிக்கும். அக்கா முறைப்பார். இழுத்து ஆற்றிய தே தாரேக் டீ இரண்டு கிளாஸ் வந்ததும் தன்னுடையதை என் பக்கம் தள்ளி, என்னுடையதை எடுத்துக்கொள்வார்.

"அக்கா, அப்ப இதுல வெசம் இருந்தா நான் சாவணுமா?"

"உனக்கு எதுக்குடி வெசம் வைக்கப் போறான்? நீ யாரு?"

கோயிலிலும் அப்படித்தான். தீபாராதனையின்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கை குவித்திருப்பார்கள். அக்கா மட்டும் கை குவித்தபடி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ண மூடித்தான் கும்புடணும்னு சாமி கேட்டுச்சா?"

புந்தோங்கில் அவரைப் பற்றி மூன்று கதைகள் ஓடின. அது பொம்மைத் துப்பாக்கி என்று ஒன்று. சிகரெட் பற்றவைக்கிற லைட்டர் என்று ஒன்று. அவர் ஒருத்தனைச் சுட்டு ஆற்றில் போட்டுவிட்டார் என்று மற்றொன்று. மூன்றையும் ஒரே ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு முறை சித்தியவானில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தாலி கொண்டு போனோம். வழி நெடுக என் வேலை, பின்னால் வருகிற கார்களின் நம்பரை எழுதுவது. வட்டச் சாலை வந்தால் அக்கா இரண்டு சுற்று சுற்றுவார். தொடர்கிறவன் மாட்டிக்கொள்வானாம். பதினான்கு நம்பர் எழுதினேன். பதினைந்தாவது ஐஸ்கிரீம் வேன். அதையும் எழுதச் சொன்னார்.

திரும்பும்போது எண்ணெய்க்கு வளர்க்கிற ஒரு செம்பனைக் காட்டோரம் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. அவர் பிறந்த ரப்பர் தோட்டம் அதுதானாம். ரப்பரும் இல்லை, வேலையாட்கள் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. "அந்தா, அந்த மேட்டுலதான் பெரட்டு எடுப்பாங்க" என்று விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட இடத்தைக் காட்டினார். "ஆயுத பூசைக்கு எங்கப்பா, மாமா, எல்லாரும் பால் வெட்டுற கத்தியக் கொண்டுவந்து வேல வாங்குற மண்டோர் வீட்டு வாசல்ல வரிசையா வைப்பாங்க. நூறு கத்தி. ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். சோறு போடுற கத்தி, அதக் கும்புடாம வெட்டப் போனா கைய வெட்டிரும்னு எங்கப்பா சொல்வாரு."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல, ரோட்டைப் பார்த்தபடி, கொள்ளையைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். இரண்டு மோட்டார்சைக்கிள், மூன்று பேர், கையில் பாராங் கத்தி. அவர் கணவர் கையை நீட்டித் தடுத்தார். இன்றைக்கும் அவருக்கு இரண்டு விரல் மடங்காது. வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. பெட்டகம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"யாருக்கா சொன்னது?"

"கடையில நின்ன பொண்ணு. நாலு வருஷம் என் தட்டுல சாப்பிட்டவ." கியரைப் போட்டார். "நீ உக்கார்ற எடத்துலதான் உக்காந்திருந்தா."

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் எனக்கு முதுகு சாயவில்லை. அக்காவின் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கடை வாசலில் ஒருவன் அதிக நேரம் நின்றால் சட்டை நிறத்தைக் குறித்துக்கொண்டேன். அக்காவையே சந்தேகப்பட்டேன். அது உண்மையாகவே சுடுமா? தோட்டா இருக்கிறதா? ஒருவேளை ஊர் சொல்கிற மாதிரிப் பொம்மைதானோ? கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, இயந்திரம், மோட்டார், துப்பாக்கி என்று பேசுகிற பத்துப் பதினைந்து பேர். அதில் இருந்த ஒரே பெண் நான். எங்கள் அக்காவிடம் எவர்சில்வர் பிஸ்டல் இருக்கிறது என்று எழுதினேன்.

"எவர்சில்வர்னா எங்க வீட்ல குண்டானே இருக்கு மச்சி" என்றான் ஒருவன்.

"லைட்டரா இருக்கும் லா. பத்த வச்சு காட்டச் சொல்லு."

"கத விடுறா. படம் போடு பாப்போம்."

படம் எப்படிப் போடுவது? தொட்டதுகூட இல்லை.

ஆயுத பூஜை வந்தது. மாலை நாலு மணிக்கே கடையைச் சாத்தி, இரும்புக் கதவையும் பூட்டினார் அக்கா. பின்னறையில் பத்தரின் மேசைக்கு எதிர்ச்சுவரில் சரஸ்வதி படம், அதன் கீழே வாழையிலை. இலையில் தராசு, உரைகல், பத்தரின் ஊதுகுழல், அரம், குறடு, என் கணக்குப்பொறி, கார் சாவி. எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். முடிந்தது என்று எழுந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்தார்.

முதலில் அடியிலிருந்து தோட்டாக் கூட்டை உருவினார். மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. பொம்மை இல்லை. மேல்பாகத்தை இழுத்து உள்ளே பார்த்தார், விரல்நுனியை விட்டும் பார்த்தார். அந்தச் சத்தம்! எண்ணெய் போட்ட பூட்டு திறக்கிற மாதிரி, இரண்டே அசையில். பிறகு துப்பாக்கியை இலை நடுவில் படுக்க வைத்து, அவர் கையாலேயே சந்தனத்தைக் குழைத்து மூன்று இடத்தில் வைத்தார். மேலே குங்குமம்.

என்னால் வாயை மூட முடியவில்லை. "அக்கா, அந்தப் பள்ளத்துல வேணாங்கா, ஈரம்! உள்ள எறங்கிட்டா..."

"ஆயுத பூசையில ஆயுதத்த வைக்காம, கால்குலேட்டர மட்டும் வச்சுக் கும்புடுறதா? பேசாம நில்லு."

பத்தர் என் தோளைத் தொட்டு, "அவங்க அப்பா கத்திக்குச் செஞ்சது. விடு" என்றார் மெதுவாக. அவர் மணியடித்தார். நான் அவர் மேசையோரம் நின்றேன். அக்கா சூடம் காட்டினார். அந்த வெளிச்சத்தில் எவர்சில்வர் மேல் ஆரஞ்சு நிறம் ஓடி ஓடி மறைந்தது. சந்தனம் வைத்த உலோகம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தக் காணொளியிலும் அப்படி ஒன்று இல்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. ஒரு பத்து விநாடி இருக்கும்.

அந்தப் பத்து விநாடியில் என் கைப்பேசி வெளியே வந்து, ஒரு படம் எடுத்து, பைக்குள் போய்விட்டது.

எனக்காகத்தான் எடுத்தேன். மூன்று நாள் எனக்காகத்தான் வைத்திருந்தேன். நாலாம் நாள் குழுவில் ஒருவன், "லைட்டர் அக்கா நலமா?" என்று கேட்டான். படத்தைப் போட்டேன். குழு வாயடைத்துப் போனது. இரண்டு நிமிஷம் அந்தச் சந்தோஷத்தில் இருந்துவிட்டு, குழுவிலிருந்து அழித்துவிட்டேன். இரண்டு நிமிஷம் யாருக்கோ போதுமானதாக இருந்தது. மறுநாள் அது முகநூலில் ஓடியது, "இதான்டா உண்மையான ஆயுத பூஜை" என்ற வாசகத்தோடு. படத்தின் வலது மூலையில், சரஸ்வதிக்குப் பக்கத்தில், எங்கள் கடை நாள்காட்டி. கடைப் பெயர், தொலைபேசி எண், எல்லாம் தெளிவாக.

சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அக்கா கூட்டை உருவி, துப்பாக்கியை மேசையில் வைத்தார். ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, பள்ளங்களில் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, "இது என்ன மஞ்சள்?" என்று மலாயில் கேட்டார். "சந்தனம்" என்றார் அக்கா. ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார்கள். அடுத்தவர் முன்னிலையில் ஏன் கழற்றி வைத்தீர்கள், படம் எடுத்தது யார் என்று ஒரு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் திருட்டுத்தனமாக எடுத்தது என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு செய்வோம் என்றார்கள்.

அவர்கள் போனதும் அக்கா படத்தைத் தையல்கடை அம்மாவின் கைப்பேசியில் வாங்கிப் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போய், இலை போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். நேர் எதிரே பத்தரின் மேசை. அங்கிருந்து பார்த்தால் படத்தில் உள்ளது போலவே எல்லாம்.

"பதினேழு வருஷம்" என்றார்.

பத்தர் அரத்தைக் கீழே வைத்தார். "என்னக்கா?"

"எவ்வளவு குடுத்தாங்க?"

பத்தர் அவரைப் பார்த்தார். ஊதுகுழலைத் துணியில் சுற்றினார். அரங்களை அளவு வாரியாக அடுக்கினார். எழுந்து, வழக்கம்போல் சட்டையை உதறிவிட்டுப் போய்விட்டார். நான் கதவோரம் நின்றேன். விலகி அவருக்கு வழிவிட்டேன்.

"கோபப்படல பாத்தியா?" என்றார் அக்கா. "குத்தம் இல்லாதவன்னா கத்தியிருப்பான்."

நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் அக்கா அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அக்கா, பத்தர் இல்ல. நான்தான் எடுத்தேன். என் பேர எழுதுங்க. உங்களுக்குத் தெரியாம எடுத்தேன்னு எழுதுங்க, உங்க லைசென்ஸாவது நிக்கும்."

அவர் பேனாவை மூடினார். "எப்ப எடுத்த?"

"சூடம் காட்டுனப்ப."

"நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

"இல்லக்கா. கண்ண மூடியிருந்தீங்க."

"நானா?"

"ஆமாக்கா. ஒரு பத்து செகண்டு."

அக்காவின் முகம் மாறியது. என் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கோபம் இல்லை, பரிதாபம். "இந்தக் கதைய யாரு சொல்லிக் குடுத்தா? அவனா?"

"இல்லக்கா! இந்தா பாருங்க, என் போன்லயே இருக்கு."

வாங்கினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். என்னைப் பார்க்கவில்லை, நாளையும் நேரத்தையும் பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார். பள்ளங்களைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் கண்ணாடி மேல் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தது. "நல்லா விழுந்திருக்கு" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்கும் அனுப்பியிருக்கான். அவனுக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு, வேல போச்சேன்னு உனக்குப் பாவமா இருக்கு. எனக்குப் புரியுதுடி. ஆனா நான் கண்ண மூடுனேன்னு மட்டும் சொல்லாத."

பத்தர் பெயரைத்தான் எழுதினார். என் கண் முன்னால் மடித்து உறைக்குள் போட்டார். நானே பாலாய்க்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போலீஸ் நிலையப் படியேறுகிற தைரியம் எனக்கு வரவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டோமே, அது போதும் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன்.

பத்தரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள். கீழே விழுந்து கேமரா உடைந்து இரண்டு வருஷமாகிறது. அதில் பாட்டு மட்டும்தான் கேட்பாராம். ஏன் முதலாளியிடம் அன்றே இதைச் சொல்லவில்லை என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "எவ்வளவு குடுத்தாங்கன்னுதான் கேட்டாங்க, எடுத்தியான்னு கேக்கலயே" என்றாராம். இதெல்லாம் பிறகு தையல்கடை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

அக்காவுக்குப் பதில் வந்தது. ஆயுதத்தைப் பிறர் முன் வைத்தது ஒரு குற்றம், ஆதாரமில்லாமல் ஒருவரைக் காட்டிப் பொய்யான விளக்கம் கொடுத்தது இன்னொன்று. லைசென்ஸ் ரத்து. அவர் உண்மையை எழுதியிருந்தால் அது தப்பித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தப்பித்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்று பாலாயிலிருந்து திரும்பி வந்தவர் நேராகக் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கடையைச் சாத்திவிடுவார் என்று காத்திருந்தேன். சாத்தவில்லை.

"அவன் போன்ல ஒண்ணும் இல்லையாம். வேற போன் வச்சிருப்பான்" என்றார். தண்ணீர் குடித்தார். கைப்பையைத் திறந்து, வளையத்திலிருந்து ஒரு சாவியை நெளித்து நெளித்துக் கழற்றினார். பெட்டகத்தின் சாவி. அதை அவர் கணவர்கூடத் தொட்டதில்லை என்று பத்தர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"இந்தா. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உன்கிட்ட."

"எனக்கு எதுக்குக்கா?"

"அடுத்தவன் பழிய வலிய வந்து தலையில போட்டுக்கிட்டவ நீ. இந்த ஊர்ல அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. இனிமே எனக்கு வேற யாரு இருக்கா?"

சாவி கண்ணாடி மேல் கிடந்தது. நான் எடுக்கவில்லை. "அக்கா, சத்தியமா நான்தான் எடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, பல் தெரிய.

"மொத தடவ சொன்னப்ப நல்ல மனசுன்னு நெனச்சேன். இப்ப ரெண்டாவது தடவ சொல்ற. மூணாவது தடவையும் சொன்னேன்னு வையி, எனக்கு உன் மேலயே சந்தேகம் வந்துரும். எடு."

மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை.